முகம் எஞ்சாத தலைவன்
(ஓவைன் கிளிண்டூரும் தோழர்களும் கற்பனை ஓவியத்தில்)

மெழுகில் ஒரு முகம்

பாரிசு மாநகரில் பிரெஞ்சு நாட்டின் ஆவணக் காப்பகம் உள்ளது. அங்கே பேணப்பெறும் பழமையான மடல்களுள் ஒன்று, வேல்ஸ் நாட்டின் பென்னல் என்னும் சிற்றூரிலிருந்து 1406-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள் பிரெஞ்சு மன்னன் ஆறாம் சார்லசுக்கு விடுக்கப்பட்டதாகும். வேல்ஸ் திருச்சபை கேண்டர்பரியின் ஆளுகையிலிருந்து விடுபட வேண்டும். வேல்ஸில் இரண்டு பல்கலைக்கழகங்கள் அமைய வேண்டும். இவ்வாறு தொலைநோக்குடன் பேசும் அம்மடலை எழுதுவித்தவன் ஓவைன் கிளிண்டூர். ஆங்கில முடியாட்சியை எதிர்த்து எழுந்து, தன்னை வேல்ஸின் இளவரசனென அறிவித்துக்கொண்டவன் அவன்.

அவன் பிரான்சு நாட்டுக்கு அனுப்பிய ஆவணங்களில் பெருமுத்திரை பதிக்கப்பெற்றது. அம்முத்திரையின் ஒரு பக்கத்தில் அவன் அரியணையில் அமர்ந்திருக்கிறான். கையில் செங்கோல், முகத்தில் இரண்டாகப் பிரிந்த தாடி. மறுபக்கத்தில் வாளேந்திக் குதிரைமேல் விரைகிறான். கேடயத்தில் நான்கு சிங்கங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஓவைன் வாழ்ந்த காலத்தில், அவன் ஒப்புதலோடு ஆக்கப்பட்ட உருவமாக நம் காலம்வரை வந்து சேர்ந்திருப்பது இதுவே. ஆனால் முத்திரை என்பது அரச பதவியின் அடையாளம். அதைச் செதுக்கிய கைவினைஞர் தலைவனை எதிரே அமர்த்தி, அவன் கண்ணையும் மூக்கையும் நோக்கிச் செதுக்கினார் என்று கொள்வதற்கில்லை. அக்கால மன்னர் முத்திரைகள் பலவற்றிலும் இத்தகைய அரியணையும் இத்தகைய குதிரையும் காணப்படுகின்றன. எனவே, ஓவைனைத் தீட்டப் புகும் ஓவியர் எவரும் விரல்நுனியளவு மெழுகுமுகம் ஒன்றை மட்டுமே கையில் கொண்டு தொடங்குகிறார்.

வென்றோர் முகங்கள்

முகம் எஞ்சாமைக்குக் காலத்தின் பழமையைக் காரணம் காட்டுதல் பொருந்தாது. ஓவைன் இளமையில் யாருடைய ஆட்சியில் படைப்பணி புரிந்தானோ அந்த இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் முழுவுருவ ஓவியம், 1390-களில் தீட்டப்பெற்றது, வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் இன்றும் காணத்தக்கது. அவனை நீக்கிவிட்டு அரியணை ஏறிய நான்காம் ஹென்றி, 1413-இல் இறந்து கேண்டர்பரியில் அடக்கம் செய்யப்பெற்றான். கல்லறையின்மேல் வெண்பளிங்கு போன்ற மென்கல்லில் அவன் உருவம் முடிசூடிப் படுத்திருக்கிறது. 1832-இல் அக்கல்லறையைத் திறந்து பார்த்தபோது மன்னனின் முகம் பெரும்பாலும் சிதையாமல், செம்பழுப்புத் தாடியோடு இருந்ததைக் கண்டவர் எழுதிவைத்தனர்.

அவன் மகனும் பின்னாளில் ஐந்தாம் ஹென்றியாக முடிசூடியவனுமாகிய இளவரசனின் முகத்துக்கு ஏற்பட்ட காயத்திற்குக்கூட வரலாறு உண்டு. 1403 ஜூலை 21-இல் ஷ்ரூஸ்பரி களத்தில் அவன் முகத்தில் அம்பு தைத்தது. அம்புமுனையை வெளியே எடுத்த மருத்துவர் ஜான் பிராட்மோர், தாம் கையாண்ட கருவியையும் முறையையும் நூலில் விளக்கியுள்ளார். வென்றவன் கன்னத்து வடுவும் ஏட்டில் இடம்பெற்றது. தோற்றவன் முகம் இடம்பெறவில்லை. அவனுக்குக் கல்லறையும் இல்லை. 1412-க்குப் பின் அவனைக் கண்டதாக உறுதியான குறிப்பில்லை. 1415 அளவில் இறந்திருக்கலாம் என்பது வரலாற்றறிஞர் கருத்து.

ஆகவே, ஓவைனுக்குக் கற்பனையில் முகம் வரைவது வரலாறு காட்டிய ஓரவஞ்சனைக்கு ஒரு மறுமொழியாகிறது. தோற்றாரையும் முகமுள்ள மனிதராக நிறுத்தும் முயற்சி அது. அம்முயற்சி மதிக்கத்தக்கது, ஆனால் வழுக்கல் மிக்கது. இல்லாத முகத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்னும் கேள்வி அங்கே எழுகிறது.

புலவர் தந்த குறிப்பு

ஓவியர்க்குக் கிடைக்கும் முதற்சான்று ஒரு வழக்கு மன்றப் பதிவாகும். சிறப்புடைய இரு குடும்பங்கள் ஒரே கேடயச் சின்னத்திற்கு உரிமை கோரிய வழக்கொன்றில், 1386-ஆம் ஆண்டு ஓவைன் சான்று கூறினான். அப்போது அவனுக்கு வயது இருபத்தேழும் அதற்கு மேலும் எனப் பதிவு கூறுகிறது. இதன்படி, 1400-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-இல் கிளிண்டவர்டுவியில் அவனை இளவரசனென அறிவித்தபோது அவன் நாற்பதைக் கடந்தவன். ரூதினை ஆண்ட கிரே பிரபுவோடு எழுந்த நிலத்தகராறு அந்நாளின் உடனடிக் காரணங்களுள் ஒன்று. கிளர்ச்சி செய்தவன் துடிப்புமிக்க இளைஞனல்லன். மனைவியும் மக்களும் நிலபுலமும் உடைய நடுவயதினன். ஆங்கிலப் படையிலேயே போர்த்தொழில் பயின்றவன். நீதிபதியாக விளங்கிய டேவிட் ஹன்மரின் மருமகன். இழப்பதற்கு நிறைய இருந்தும் எழுந்தவன் என்பதே அவன் முகத்தின் முதற்கோடாக அமைதல் வேண்டும். மழுமழுத்த கன்னத்து வீரனாக அவனைத் தீட்டுவோர் அவன் துணிவின் அளவைக் குறைத்துவிடுகின்றனர்.

இரண்டாம் சான்று கவிதை. யோலோ கோக் என்னும் பெரும்புலவர் ஓவைனின் அவைக்கு உறவுடையவர். ஸ்காட்லாந்துப் போருக்குச் சென்ற அவனைப் பாடுங்கால் வெண்ணிறத் தலைக்கவசத்தையும், அதன் உச்சியில் எகிப்து நாட்டுப் பறவையின் சிவந்த சிறகையும் குறிக்கிறார். ஓவியர்க்கு இதைவிடச் சிறந்த வண்ணக்குறிப்பு வேறு கிடைப்பது அரிது. ஆயினும் அப்புலவரும் கண்ணின் நிறத்தையோ மூக்கின் வடிவையோ கூறினாரல்லர். அவர் தலைவனை அவனுடைய வீட்டால் அடையாளப்படுத்தினார். சிக்கார்த்தில் இருந்த அம்மாளிகையைச் சுற்றிய அகழியும், அதன்மேல் பாலமும், மரத்தூண்மேல் எழுந்த கூடங்களும், புகைபோக்கியும், பழத்தோட்டமும், ஆலையும், புறாக்கூடும், மீன்குளமும், மான் உலவும் பூங்காவும், மயில்களும் அவர் பாட்டில் வரிசையாக வருகின்றன. வருவார்க்குத் தாழ்ப்பாளிடாத வாயில் என்பதே அவ்வரிசையின் நோக்கம். இல்லத்தரசி மார்கரெட்டின் சிறப்பும் ஆங்கே பாடப்பெறுகிறது.

யோலோ கோக் கிளர்ச்சிக்கு முன்பே மறைந்தார். 1403 மே மாதம் இளவரசன் ஹென்றி படையோடு சென்று அவ்வீட்டை எரித்தான். எரித்ததைத் தானே மடலிலும் எழுதினான். 1962, 1963-ஆம் ஆண்டுகளில் சிக்கார்த் மேட்டை அகழ்ந்தபோது மரக்கூடத்தின் தடயங்களும் தீப்பட்ட அடையாளங்களும் வெளிப்பட்டன. வீட்டைத் தீ அழித்தது. பாட்டை அழிக்க இயலவில்லை. முகத்தைப் பாடாத புலவர் அம்முகம் எந்த ஒளியில், எந்தக் கூடத்தில், யாரை எதிர்நோக்கி மலர்ந்தது என்பதைக் காத்துத் தந்துவிட்டார்.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியும் எண்ணத்தக்கது. 1402-இல் ஆங்கிலப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், வேல்ஸில் ஊர்தோறும் சென்று பாடும் பாணரையும் பாட்டிசைப்போரையும் தடை செய்தது. ஆட்சியாளர் அஞ்சியது வில்லுக்கு மட்டுமன்று என்பதற்கு இச்சட்டமே சான்று. கிளர்ச்சி நடந்த ஆண்டுகளில் ஓவைனைப் பாடியனவாக எஞ்சிய பாடல்கள் மிகச் சில. புலவர் வாய் அடைபட்ட காலத்துத் தலைவனுக்கே ஓவியர் பின்னாளில் முகம் தேட நேர்ந்தது.

பிறர் அணிவித்த முகங்கள்

வெற்றிடம் நெடுங்காலம் வெற்றிடமாக நில்லாது. ஓவைன் மறைந்து இருநூறாண்டு நிறையுமுன்னரே ஆங்கில நாடக மேடை அவனுக்கு ஒரு முகத்தை அளித்தது. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தின் முதற்பாகத்தில் அவன் ஆவிகளை அழைக்கவல்லவனாகத் தன்னைப் பெருமை பேசும் மந்திரவாதியாக வருகிறான். கவர்ச்சியான பாத்திரந்தான், ஆயினும் பென்னல் மடலில் பல்கலைக்கழகம் கேட்ட அரசியலறிஞனுக்கு அந்நாடகத்தில் இடமில்லை. நாடகத்தைக் கண்டவர் மனத்தில் ஓவைனின் கண்கள் நெடுங்காலம் அந்த மந்திரவாதியின் கண்களாகவே இருந்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஸ் மக்கள் தம் தலைவனுக்குத் தாமே உருவம் கொடுக்க முனைந்தனர். கார்டிஃப் நகர மன்றத்தில் நாட்டின் பெருமக்களுக்கு எழுப்பிய பளிங்குச் சிலைகளை 1916-இல் லாயிட் ஜார்ஜ் திறந்துவைத்தார். அவற்றுள் ஓவைனின் சிலையை வடித்தவர் ஆல்ஃபிரட் டர்னர். 1404-இல் ஓவைன் பாராளுமன்றம் கூட்டிய மகன்லெத் ஊரில், அவன் பெயரால் அமைந்த நிலையத்தின் சுவரில் மரே அர்குவார்ட் என்பவர் ஹித்கென் போர்க்காட்சியைத் தீட்டினார். 1401-இல் சிறுபடை பெரும்படையை வென்ற களம் அது. அவ்வோவியத்தில் ஓவைனுக்கு அமைந்த முகம், நிலையத்தைக் கட்டித்தந்த செல்வர் டேவிட் டேவிஸின் முகமே என்று சொல்லப்படுவதுண்டு. முகமற்ற தலைவன் புரவலர்க்குக் கண்ணாடியாவது எளிது. நன்றிக்கடனாக அவ்வாறு தீட்டியிருப்பினும் அது வரலாற்றைப் பெரும்பொருளாளர் பக்கம் சற்றே சாய்த்துவிடுகிறது.

இவற்றினும் சுவையானது கெண்ட்சர்ச் மாளிகையின் ஓவியம். ஹெரிஃபோர்டு மாவட்டத்தில் உள்ள அம்மாளிகை ஸ்கடமோர் குடும்பத்தாருக்கு உரியது. ஓவைனின் மகள் ஆலிஸ் அக்குடும்பத்தில் மணம்புரிந்தவள். அங்குள்ள பழைய ஓவியத்தில் முதியவர் ஒருவர் நம்மை நோக்குகிறார். அவர் சியான் கென்ட் என்னும் சமயப்புலவர் என்பது வழங்கிவரும் செய்தி. மகள் வீட்டில் மாற்றுருவில் வாழ்ந்த ஓவைனே அவர் என நம்புவாரும் உளர். எது உண்மையென முடிவுகட்டச் சான்றில்லை. ஆனால் மக்கள் தம் தலைவனைத் தேடிப்போய் ஒரு புலவரின் முகத்தருகே நின்றுவிட்டனர் என்பது மட்டும் உறுதி. கவிஞர் மன்றத்தார் சிந்தித்தற்குரிய நிகழ்ச்சி இது.

துணைநின்றோர்

தலைவனைத் தனியே தீட்டுவது எளிது. துணைவரோடு தீட்டும்போதுதான் ஓவியர் வரலாற்றுக்குக் கட்டுப்படுகிறார். ஏனெனில் துணைவர் ஒவ்வொருவரும் தத்தம் செயலோடும் தத்தம் குறையோடும் வந்து நிற்கின்றனர்.

முதலில் ஆங்கிள்சி தீவின் ரீஸ், குவிலிம் என்னும் டியூடர் உடன்பிறப்புகள். இவர்கள் ஓவைனுக்குத் தாய்வழி உறவினர். 1401 ஏப்ரல் முதல் நாள், புனித வெள்ளியன்று, காவலர் வழிபாட்டுக்குச் சென்ற வேளையில் கான்வி கோட்டையைக் கைப்பற்றினர். தச்சன் ஒருவன் வேலைக்கு வந்தவனாக நடித்து உள்ளே புகுந்து துணைசெய்தான் என்று அக்கால வரலாற்றாசிரியர் உஸ்க் ஊர் ஆடம் எழுதுகிறார். அதே ஆசிரியர் மற்றொன்றும் எழுதுகிறார்: கோட்டையை ஒப்படைத்து மன்னிப்புப் பெறுங்கால், தம்மோடிருந்த ஒன்பது தோழரைப் பின்கட்டாகக் கட்டிக் கொடுத்துக் கொலைக்களத்துக்கு அனுப்பினர். வீரச்செயலும் வஞ்சகமும் ஒரே ஆண்டில், ஒரே கைகளால் நிகழ்ந்தன. ரீஸ் 1412-இல் செஸ்டரில் தூக்கிலிடப்பட்டான். இவர்களைத் தீட்டும் ஓவியர் கோட்டைவாயிலை மட்டும் தீட்டி, கட்டுண்ட அந்த ஒன்பதின்மரை மறந்தால் ஓவியம் புகழுரையாகிவிடும்.

அடுத்து வருபவர் ஆயர் ஜான் ட்ரெவர். 1399-இல் இரண்டாம் ரிச்சர்டைப் பதவிநீக்கும் தீர்ப்பைப் படித்தவர் இவரே. ஐந்தாண்டுக்குப் பின்னர், தாம் வழிவிட்ட புதிய மன்னனைத் துறந்து ஓவைன் பக்கம் சேர்ந்தார். ஒரு மன்னனை இறக்கிய நாவோடு மற்றொரு மன்னனை எதிர்த்தவரின் முகத்தில் குற்றவுணர்வும் உறுதியும் ஒன்றையொன்று விலக்காமல் நிற்கும். அவரருகே கிரிஃபித் யங் என்னும் சட்டம் கற்ற குருவைக் காணலாம். ஓவைனின் மைத்துனன் ஜான் ஹன்மரோடு பிரான்சு சென்று, 1404 ஜூலையில் உடன்படிக்கை செய்தவர் அவர். கையில் வாளில்லை, எழுதுகோல் இருந்தது.

கிராக் ஃபின்னந்த் என்பவனும் குழுவில் உண்டு. 1400-இல் கிளிண்டவர்டுவியில் கூடியோருள் அவன் ஒருவன். குறிசொல்வோன் என்று பதிவேடு அவனைச் சுட்டுகிறது. ஆங்கிலேயரை வென்று மீட்கவருவான் ஒரு மைந்தன் என்னும் முன்னுரையை நூற்றாண்டுகளாகப் பாடிவந்த மரபின் வாய் அவன். அவன் முகம் எப்படியிருப்பினும், கண்மட்டும் தொலைவை நோக்குவதாக அமைதல் தகும்.

எட்மண்டு மார்டிமர் பகைவனாக வந்து உறவினனானவன். 1402 ஜூன் 22-இல் பிரின் கிளாஸ் களத்தில் அவன் சிறைப்பட்டான். அவனை மீட்கப் பொருள்தர நான்காம் ஹென்றி இசையவில்லை. கைவிடப்பட்ட அவன் அவ்வாண்டிறுதிக்குள் ஓவைனின் மகள் காட்ரினை மணந்து, மாமனுக்காகப் போரிட்டு, 1409-இல் முற்றுகையுண்ட ஹார்லெக் கோட்டையில் உயிர்விட்டான்.

முகமில்லாச் சிலைகள்

இவர்கள் அனைவரினும் உயர்ந்து நிற்பவன், கேயோ பகுதியைச் சேர்ந்த முதியவன் லுவெலின் ஆப் கிரிஃபித் வைகன். ஆண்டுக்கு 16 பெரும்பீப்பாய் மது செலவாகும் அளவுக்கு விருந்தோம்பும் வீடு அவனுடையது என உஸ்க் ஊர் ஆடம் குறிக்கிறார். 1401-இல் மன்னன் படை ஓவைனைத் தேடி வந்தபோது வழிகாட்டுவதுபோல் அழைத்துச்சென்று வழிதப்பச் செய்தான் என்பர். அவன் மக்கள் ஓவைனின் படையில் இருந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 9-இல் லாண்டவரியில் மன்னனும் அவன் தலைமகனும் பார்த்திருக்க, அவனைத் தூக்கிலேற்றிக் குடல் சரித்துக் கொன்றனர். காட்டிக்கொடுத்து வாழ்வதைவிட இறப்பதை அவன் தேர்ந்தான்.

அறுநூறாண்டு நிறைந்த 2001-இல் லாண்டவரிக் கோட்டை மேட்டில் அவனுக்குத் துருவேறா எஃகினால் சிலை எழுந்தது. டோபி பீட்டர்சன், கிடியன் பீட்டர்சன் என்னும் உடன்பிறந்த சிற்பிகள் அதை வடித்தனர். பதினாறடி உயரம். தலைக்கவசம் உண்டு; நெடிய மேலங்கி உண்டு; வேலும் கேடயமும் உண்டு. தலைக்கவசத்தினுள் முகம் இல்லை. மேலங்கியினுள் உடலும் இல்லை. மறுபுறத்து வானமே அவ்வெற்றிடத்தில் தெரிகிறது.

அதே 2001-இல் இலண்டன் மாநகரில் காட்ரினுக்கும் ஒரு நினைவுக்கல் நாட்டப்பெற்றது. ஹார்லெக் வீழ்ந்தபின் அவளும் அவள் மக்களும் தாய் மார்கரெட்டும் சிறைப்பட்டு இலண்டன் கோபுரச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1413-இல் காட்ரினும் அவள் மகளிரும் புனித ஸ்விதின் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றனர். இறப்பின் காரணம் எழுதப்படவில்லை, அடக்கச் செலவு மட்டும் கணக்கில் ஏறியது. அவ்வாலயம் இருந்த இடத்தில் நிற்கும் அக்கல்லிலும் முகம் செதுக்கப்படவில்லை. போரில் துன்புற்ற பெண்டிர், குழந்தைகள் அனைவர்க்கும் உரியதாக அதை ஆக்கினர். வீரர் வரிசையில் இடம்பெறாத பெண்ணொருத்தியின் பெயர், பெயரறியாப் பெண்கள் பலர்க்கு இடமாயிற்று.

ஓவியர்க்குரிய அறம்

முகம் தெரியாதபோது முகமே வரையாதிருத்தல் ஒரு நேர்மை. லாண்டவரிச் சிலை அந்நேர்மையின் உச்சம். எனினும் எல்லார்க்கும் அவ்வழியே வழியென்று விதித்தால் தோற்றவர் என்றென்றும் வெற்றுக் கவசங்களாகவே நிற்பர். வென்றவர் மட்டும் கண்ணும் தாடியுமாக நம்மை நோக்கிக்கொண்டிருப்பர். ஆதலின் தீட்டுதலும் வேண்டும். தீட்டுவார்க்கு மூன்று கடப்பாடுகள் உண்டு எனலாம். தாம் தீட்டியது கற்பனை என்பதை மறைக்காமை ஒன்று. அறிந்த செய்திக்கு மாறுபடாமை மற்றொன்று. தலைவனின் ஒளிக்காகத் துணைவரின் குறையையும் மகளிரின் துயரையும் அழிக்காமை மூன்றாவது. நாற்பது கடந்த நெற்றியும், பிளந்த தாடியும், செஞ்சிறகும், எரிந்த வீட்டின் நினைவும், காட்டிக்கொடாத முதியவனின் கடனும் ஒருங்கே கூடிய முகத்தை எந்த ஓவியர் தீட்டினாலும் அது ஓவைனுக்கு அயலாகாது. மூக்கின் வளைவில் பிழைநேரலாம், அப்பிழை பொறுக்கத்தக்கது.

பதினாறாம் நூற்றாண்டில் எலிஸ் கிரிஃபித் என்னும் வரலாற்றாசிரியர் ஏட்டிலேற்றிய கதை ஒன்று உண்டு. வைகறையில் மலைமேல் உலவிய ஓவைன், வாலே குரூசிஸ் மடத்துத் தலைவரை எதிர்ப்பட்டு, முன்னதாகவே எழுந்துவிட்டீரே என்றானாம். அவரோ, முன்னதாக எழுந்தவன் நீயே, நூறாண்டு முன்னதாக எழுந்துவிட்டாய் என்று மறுமொழி கூறினாராம். அதைக் கேட்ட தலைவன் மறைந்தான் என்பது கதை. அவன் கேட்ட பல்கலைக்கழகக் கனவு கைகூடுதற்கு 1872-இல் அபரிஸ்ட்வித்தில் கல்லூரி எழும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவ்வைகறையில் அவன் முகம் எவ்வாறிருந்தது என்பதை மடத்துத் தலைவரும் கூறவில்லை. ஆனால் தாழிடாத வாயிலும், மீன்குளமும், மயிலும், புறாக்கூடும் எங்கே இருந்தன என்பது தெரியும். வாழ்ந்த வீட்டை உள்ளபடி பாடிய புலவர் ஒருவர் இருந்தார். அகழ்வாரின் மண்வெட்டி ஐந்நூறாண்டுக்கும் மேற்பட்ட காலத்திற்குப் பின்னர் அவர் சொல்லுக்குச் சான்று பகர்ந்தது. நாளைய ஓவியர் தம் வண்ணத்தைக் குழைக்கத் தொடங்கும் இடம் அப்பாட்டே.